ஒன்று விட்டு ஒன்றாக ஐம்பது ஈயத்தாள்

ஒரு பொருளைத் தாறுமாறாகத்தான் வைக்க வேண்டும் என்றால், அதை எதற்கு மனைவி கையில் கொடுக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது.

என் கணவர் அப்போது அக்கரப்பத்தனையில் தோட்டப் பள்ளி ஆசிரியர். ஹட்டன் பள்ளியொன்றில் விஞ்ஞான ஆசிரியர் வேலைக்காக, மாதிரிப் பாடம் ஒன்று நடத்திக்காட்டச் சொல்லியிருந்தார்கள். அவர் ஒரு பலகையில் நூறு கட்டம் போட்டார். தேயிலைப் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளை அட்டைத் துண்டுகளில் சுற்றி, கட்டங்களில் குத்த வேண்டும். துண்டுகள் பக்கவாட்டில் தொட்டால் மின்சாரம் பாயும். மூலைகள் படாதபடி வெட்டியிருந்தார். மேலிருந்து கீழ்வரை வழி சேர்ந்தால் டோர்ச் பல்ப் எரியும்.

"கண்ணை மூடிக்கிட்டு நெரப்பிக்கிட்டே போனா, அறுபது கிட்ட வர்ற வரைக்கும் ஒன்னும் நடக்காது. அப்புறம் திடீர்னு வழி விழுந்துரும்" என்றார்.

முதல் ஐம்பதைக் கட்ட எண் எழுதிய சீட்டுக் குலுக்கி நிரப்புவது என் பொறுப்பு. குலுக்கினேன். பார்த்தால் ஒரு மூலையில் எட்டுத் துண்டுகள் கும்பலாக. இன்னொரு பக்கம் மொட்டை. சீட்டைச் சரியாகக் கலக்கவில்லையோ? (நான் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மகள், வரிசை தப்பாத தேயிலைச் செடிகளையே பார்த்து வளர்ந்தவள்.) குழந்தை தூங்கிய அரைமணியில் எல்லாவற்றையும் பிடுங்கி, ஒன்று விட்டு ஒன்றாக அழகாகக் குத்தி, மிச்சச் சீட்டுகளையும் அதற்கேற்ப மாற்றிவைத்து, துணியால் மூடிவிட்டேன்.

ஹட்டனில் துணியை எடுத்ததும் அவர் முகம் வெளுத்தது. என் நேர்த்தியைக் கண்டு நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்தேன்!

பிள்ளைகள் சீட்டெடுத்து மற்றக் கட்டங்களை நிரப்பினார்கள். அறுபது. எரியவில்லை. அறுபத்தைந்து. எரியவில்லை.

"சார், பல்ப் செத்துப்போச்சா?" என்றாள் ஒரு மாணவி.

பள்ளி அதிபர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "மாஸ்டர், இது கறுப்பும் வெள்ளையுமா கட்டம் போட்ட டாம் பலகை மாதிரில்ல இருக்கு? யாரு நெரப்புனது?"

"நான்தாங்க சார்" என்றார் என் கணவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த நான் குழந்தையோடு எழுந்துவிட்டேன். "இல்லீங்க சார், நான்தாங்க! குமிஞ்சு குமிஞ்சு கெடந்துச்சு, பாக்க நல்லால்லனு அடுக்கிட்டேன். அவரு வேலைய மட்டும் கெடுத்துராதீங்க!"

மண்டபமே சிரித்தது. எழுபத்தொன்றாவது துண்டில் பல்ப் எரிந்தது. அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார்: "பாத்தீங்களா பிள்ளைகளே, தன்னால விழுந்தா அங்கங்க கும்பலாச் சேரும். வேணும்னே பிரிச்சு வெச்சா வழி விழ இவ்வளவு நேரமாகும்."

வேலை கிடைத்தது. கூடவே எனக்குக் கேலியும். "அண்ணிய பந்திப் பக்கம் விடாதீங்க! ஒருத்தர் விட்டு ஒருத்தரா உக்கார வெச்சு, சாம்பார் வாளியக்கூடக் கைமாத்த விடமாட்டாங்க" என்று நாத்தனார் இன்றும் ஊரைக் கூட்டுகிறாள்.

அடுத்த மாதம் மகளுக்குக் காதுகுத்து. ராகலைப் பெரியம்மா வீட்டாருக்கும் வட்டகொடை மாமா வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பிரித்து உட்கார வைப்பதா, வந்தபடி விட்டுவிடுவதா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து ஒரு தபாலட்டை போடுங்கள்.