நாற்பது கிலோ யானை

ஒரு காட்டில், டவர் எடுக்கும் ஒரே பாறையின் நிழலில் உட்கார்ந்து இரண்டு மைனாக்கள் பேசிக்கொண்டிருந்த பேச்சு, அந்தப் பக்கமாகப் போன ஓர் அழுங்கின் காதில் விழுந்தது.

"முயல் முட்டி யானை பறந்துச்சே, பாத்தியாடி?"

"பாக்காம இருப்பேனா? மரத்து உச்சியில மாட்டிக்கிட்டு நாலு காலையும் ஆட்டுதே, அதை ஸ்டிக்கராவே போட்டுட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்குக் காலையிலயே அனுப்பிட்டேன்."

அழுங்கு நின்ற இடத்திலேயே பந்தாகச் சுருண்டுகொண்டது.

அழுங்கு என்பது உடம்பெல்லாம் செதில் அடுக்கிய எறும்புதின்னி. புலி வந்தால் சுருண்டுகொள்ளும். இந்த அழுங்கின் பெயர் பூங்கோதை. இவள் புலிக்கு மட்டுமல்ல, யாராவது "ரெண்டு வார்த்தை பேசும்மா" என்றாலும் சுருண்டுகொள்வாள். கல்லூரியில் முதல் வகுப்பில் தேறியவள்தான். வாய்மொழித் தேர்வில் மட்டும் பேராசிரியர் கரடி ஓர் உருண்டையைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டியதாகிவிட்டது.

யானை பறந்த அந்த விளையாட்டைச் செய்தவள் அவள்.

அதற்குப் பெயர் 'காட்டோட்டம்'. காட்டில் உள்ளவர்கள் அவரவர் போனில் அவரவராகவே ஓடலாம். குறுக்கே யாராவது வந்தால் முட்டலாம். முட்டினால் கனமானவர் நிற்பார், லேசானவர் தெறிப்பார். இருவருக்கும் எடையில் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவு தூரம் தெறிப்பார். இந்தக் கணக்கைப் பூங்கோதை கண்ணால் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தாள். பலாப்பழம் விழுந்தால் எப்படி உருள்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே ஒரு பருவம் முழுக்கப் பலா மரத்தடியில் கிடந்தவள் அவள். கணக்கில் பிழையே இல்லை.

பிழை நாகரிகத்திலிருந்து வந்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. வழியில் போகிறவரை நிறுத்தி, கல்யாணம் ஆச்சா, ஏன் இன்னும் குட்டி போடவில்லை, கொம்பு ஏன் இப்படிக் கோணலாக வளர்ந்திருக்கிறது, யாரிடமாவது காட்டினாயா என்றெல்லாம் கேட்கலாம். அதற்கு அன்பு என்று பெயர். எடையை மட்டும் யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது.

கம்பெனியின் முதலாளி, கொக்கு வேதநாயகம். நின்றபடி கூட்டம் நடத்தினால் சீக்கிரம் முடியும் என்று அவர் எங்கோ படித்திருந்தார். ஆனால் அவர் ஒற்றைக் காலில் பொழுது சாயும் வரை நிற்கக்கூடியவர் என்பதால், அந்தக் கம்பெனியில் கூட்டங்கள் முடிந்ததே இல்லை. அப்படி ஒரு கூட்டத்தில்தான், எடையை எப்படி வாங்குவது என்ற பேச்சு வந்தது. கம்பெனியின் உணர்வு ஆலோசகர் பச்சோந்தி சாந்தகுமார் தொண்டையைச் செருமினார்.

"எடையை நாம போட்டா மனசு புண்படும். அவங்கவங்க எவ்வளவுன்னு உணர்றாங்களோ, அதை அவங்கவங்களே போட்டுக்கட்டும்" என்றார். கொக்கின் பக்கத்தில் நின்றதால் அப்போது அவர் வெள்ளையாக இருந்தார்.

எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். முயல் குட்டியப்பன், தான் இரண்டு டன் என்று உணர்ந்தான். காட்டெருமை எண்பது கிலோ என்று உணர்ந்தது. யானைச் சங்கத் தலைவி திலகவதி அம்மாள் தும்பிக்கையால் நெற்றியைத் தேய்த்துச் சற்று யோசித்துவிட்டு, நாற்பது கிலோ என்று போட்டார். உள்ளது உள்ளபடி எழுதியவள் பூங்கோதை ஒருத்திதான். பதினொரு கிலோ.

மறுநாள் கூட்டத்தில் அவள், "சார், இந்த யானை எடை..." என்று ஆரம்பித்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுருண்டுகொண்டாள்.

"சரி, பூங்கோதைக்கும் ஓகே" என்றார் கொக்கு.

குட்டியப்பன் முட்டினான். திலகவதி அம்மாள் பறந்தார். காடே பார்த்தது.

பார்த்ததோடு விடவில்லை. 'லீவு முடிந்து திங்கட்கிழமை நான்' என்று எழுதிப் போட்டது ஒரு குரங்கு. 'மாமியார் ஊருக்குக் கிளம்பியதும் நான்' என்று போட்டது இன்னொன்று. ஓணான் மாமா ஒருவர், இது பக்கத்துக் காட்டில் நிஜமாகவே நடந்தது என்றும், பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல சேதி வரும் என்றும் எழுதி, குடும்பக் குழுவில் தவறாமல் அனுப்பிவைத்தார்.

மூன்றாம் நாள் யானைச் சங்கம் கிளம்பி வந்து டவர் பாறையைச் சுற்றி நின்றது. கோஷம் போடவில்லை, கல் எறியவில்லை. சும்மா நின்றது. அத்தனை யானைக்கு நடுவே புகுந்து சிக்னல் வெளியே வர முடியவில்லை. அந்தக் காட்டில் எந்தப் போராட்டத்துக்கும் அதற்கு முன் இவ்வளவு சீக்கிரம் நியாயம் கிடைத்ததில்லை.

கொக்கு பறந்து வந்து பேச்சுவார்த்தை நடத்தினார். விளையாட்டைச் செய்தவள் மறுநாள் சாயங்காலம் குளக்கரையில், எல்லோர் முன்னாலும், லைவில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் காட்டோட்டத்தை மூடிவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

"நீ ரெண்டு நிமிஷம் பேசினாப் போதும்மா" என்றார் கொக்கு.

"நான் வேணும்னா சரிபண்ணிடறேன் சார். இன்னைக்கே" என்றாள் பூங்கோதை, பாதி சுருண்டபடி. பேசுவதைவிட எதையும் சரிபண்ணுவது அவளுக்குச் சுலபம்.

சரிபண்ணினாள். திலகவதி அம்மாளின் பெயருக்கு எதிரே இருந்த நாற்பது கிலோவை அழித்து நான்கு டன் என்று போட்டாள். போட்டுவிட்டு ஓட்டிப் பார்த்தாள். குட்டியப்பன் வந்து முட்டினான், தெறித்தான். யானை யானையைப் போலவே நடந்தது. மண் அதிர்ந்தது. குளத்தில் தண்ணீர் வட்டம் போட்டது. பூங்கோதை அதை மறுபடியும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். தான் செய்ததிலேயே அழகானது இதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் சாந்தகுமார் ஓடி வந்தார். வழியில் யார் யாரைப் பார்த்தாரோ, உடம்பில் ஆறேழு நிறம் இருந்தது.

"என்ன காரியம்மா பண்ணி வெச்சிருக்கே? அந்தம்மா பேருக்குப் பக்கத்துல நாலு டன்னு காட்டுது. காடு பூரா பாக்குது."

"அவங்க எடை அதுதானே சார்?"

"இருக்கலாம். அதை யாரு கேட்டா? பறந்தாங்க, அது விபத்து. இது வேணும்னே பண்ணின மாதிரி இருக்கு. அந்தப் பக்கம் முயல் சங்கத்துக்காரங்க வேற, எங்க ரெண்டு டன்னை மதிக்கலேன்னு கிளம்பிட்டாங்க."

"அப்போ என்ன சார் பண்றது?"

"புவியீர்ப்பையே எடுத்துட்டா என்ன? கீழ விழுறதுங்கறதே சில பேரைப் புண்படுத்தத்தானே செய்யுது?"

எடுத்துப் பார்த்தாள். எல்லோரும் நிலத்தை விட்டுக் கிளம்பி, ஒருவரும் ஒருவரையும் முட்டாமல், மெல்ல மெல்ல மேலே போய்த் திரையை விட்டே வெளியேறினார்கள். வெறும் காடு மிஞ்சியது. சாந்தகுமார் அதை ரசித்துப் பார்த்தார். "இதுல ஒரு புகார் வராது" என்றார்.

கொக்குதான் ஒத்துக்கொள்ளவில்லை. வெறும் காட்டைப் பார்க்க யார் வருவார்கள்? பழையபடி நாற்பது கிலோவே ஆயிற்று. சாந்தகுமார் மன்னிப்பு வாசகத்தை எழுதித் தந்தார். 'யாருடைய மனமேனும் புண்பட்டிருக்குமாயின், அவ்வாறு புண்பட நேர்ந்தமைக்கு வருந்துகிறோம்' என்று தொடங்கி, அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது அது.

பூங்கோதை படித்துப் பார்த்தாள். "அவங்க பறந்தது தப்பா, தப்பில்லையா சார்?"

"அதை மட்டும் சொல்லாம இருக்கத்தாம்மா இவ்வளவு வார்த்தை."

மறுநாள் மதியம் வரை பூங்கோதை வாசகத்தை மனப்பாடம் செய்தாள். தனியாக இருக்கும்போது வந்தது. ஓர் எறும்பு வந்து நின்றால்கூடப் போய்விட்டது. எறும்பின் முன்னாலேயே பேச முடியாதவள் காட்டின் முன்னால் என்ன பேசுவாள்? பேசாவிட்டால் காட்டோட்டத்தை மூடிவிடுவார்கள். அந்தப் பலாப்பழம் உருளாது, குளத்தில் வட்டம் விழாது. கடைசியில் ஒரு வழி தோன்றியது. திலகவதி அம்மாளிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டால், லைவ் வேண்டாம் என்று அவரே சொல்லிவிடலாம். மனம் மாறுவதற்குள் போய்விட வேண்டும் என்று, சுருண்டபடியே சரிவில் உருண்டு போய் மூங்கில் புதரண்டை நின்றாள்.

திலகவதி அம்மாள் அங்கே தனியாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலடியில் வந்து நின்ற உருண்டையைத் தும்பிக்கையால் தட்டினார்.

"யாரது? அந்த கேம் பண்ணின புள்ளையா?"

"ஆமாம் பெரியம்மா" என்றது உருண்டை.

"என்னாத்துக்கு வந்தே?"

"மன்னிப்புக் கேக்க. தனியா."

"தனியா கேட்டா யாருக்குத் தெரியும்? நாளைக்கு எங்க சங்கத்துல, தலைவி விலை போயிட்டான்னு பேச்சு வரும். அதெல்லாம் சாயங்காலம் கேட்டுக்கோ."

பூங்கோதை மெல்லத் தலையை வெளியே நீட்டினாள். அவள் எதையும் பார்க்கத் தவறாதவள். பெரியம்மாவின் போனில் ஓடிக்கொண்டிருந்தது அந்த வீடியோதான். முயல் முட்டியது. யானை கிளம்பியது. முடிந்ததும் தும்பிக்கை நுனி தானாகப் போய் மறுபடி தொட்டது. முயல் முட்டியது. யானை கிளம்பியது.

"எத்தனை தடவை பாத்தீங்க பெரியம்மா?"

திலகவதி அம்மாள் புதருக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

"உனக்குத் தெரியுமா புள்ளை, நாங்க குதிக்க மாட்டோம். குட்டியில இருந்தே மாட்டோம். நாலு காலும் ஒரே நேரத்துல தரையை விட்டு எழும்பினதே கிடையாது. தவளை குதிக்குது, தத்துக்கிளி குதிக்குது, கழுதை கூட காலை உதறிக்கிட்டு ஒரு துள்ளு துள்ளுது." அவர் வீடியோவை நிறுத்தினார். யானை மேகத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. "இங்க பாரு. அடியில ஒண்ணுமே இல்ல."

"அப்போ உங்களுக்குக் கோவம் இல்லையா?"

"ஏன் இல்லாம? அந்த முயல் பய சிரிச்சானே. கோவமா இருந்தாத்தான் மரியாதை. எனக்குப் பிடிச்சிருக்குன்னு தலைவி சொல்ல முடியுமா?" குரலைத் தாழ்த்தினார். "சாயங்காலம் நல்லா கேளு மன்னிப்பு. ஆனா இந்தப் பறக்குறதை மட்டும் எடுத்துடாதே. நேத்து நாலு டன்னு போட்டியே, அப்ப நடந்து பாத்தேன். வீட்டுல இருக்குற மாதிரியே இருந்துச்சு."

சாயங்காலம் குளக்கரையில் காடே கூடியிருந்தது. போனைக் கொக்கு தன் தூக்கிய காலில் பிடித்துக்கொண்டார். யானைகள் ஒரு பக்கம், முயல்கள் ஒரு பக்கம். சாந்தகுமார் நடுவில், பாதி சாம்பலும் பாதி வெள்ளையுமாக இருந்தார். பூங்கோதை முன்னால் வந்தாள். வாசகம் நினைவில் இருந்தது. வாயைத் திறந்தாள். அத்தனை கண்களையும் பார்த்தாள்.

சுருண்டுகொண்டாள்.

கொக்குகூடக் கால் மாற்றினார். கிழட்டு யானை ஒன்று முன்னே வந்து அந்த உருண்டையைச் சுற்றிப் பார்த்தது. தலை எங்கே, வால் எங்கே என்று தெரியவில்லை.

"இந்த மாதிரி குனிஞ்சு நம்மகிட்ட இதுவரைக்கும் யாரும் மன்னிப்புக் கேட்டதில்ல" என்றது அது.

"குனிஞ்சதுல தலை மறு பக்கமா வந்துருச்சு பாருங்க" என்றது இன்னொரு யானை.

"இதைத்தான் நான் எழுதிக் கொடுத்தேன்" என்றார் சாந்தகுமார்.

மன்னிப்பு ஏற்கப்பட்டது. கூடவே ஒரு தீர்மானமும் நிறைவேறியது. இனிமேல் விளையாட்டில் எந்த முயலும் எந்த யானையையும் முட்டக் கூடாது, முட்டினால் அந்த முயலின் கணக்கு முடக்கப்படும். அதை முன்மொழிய வேண்டியவர் சங்கத் தலைவி. திலகவதி அம்மாள் ஒரு கணம் வானத்தைப் பார்த்துவிட்டு முன்மொழிந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். குரங்குகள் அதற்குள் உருண்டையை ஸ்டிக்கர் ஆக்கியிருந்தன. 'சாரி' என்று அதன் மேல் எழுதியிருந்தது. அன்று முதல் அந்தக் காட்டில் கடன் திருப்பாதவர்களும் கல்யாணத்துக்கு வராதவர்களும் அதைத்தான் அனுப்புகிறார்கள்.

கூட்டம் கலைந்ததும் பூங்கோதை தன் புற்றருகே போய்ப் போனைத் திறந்தாள். காட்டோட்டத்தில் யானைகளில் ஒரே ஒருவர்தான் இருந்தார். திலகவதி அம்மாள். வெட்டவெளியில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். முயல்கள் அவரைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கிப் போயின. பெயருக்கு எதிரே இருந்த எடை இப்போது மாறியிருந்தது. முப்பது கிலோ.

பூங்கோதை தன் பக்கத்தைத் திறந்தாள். பதினொரு கிலோவை அழித்துவிட்டு ஆறு டன் என்று எழுதினாள். விளையாட்டுக்குள் பந்தாகச் சுருண்டாள். மேட்டிலிருந்து உருண்டு வந்து பெரியம்மாவை முட்டினாள்.

நீதி: உள்ளபடி எடை எழுதுகிறவர் தானும் பறக்க மாட்டார், அடுத்தவரையும் பறக்க விட மாட்டார்.