தலையா, இடுப்பா?

விசில் ஊதியது சரிதான். ஊதிய வேகத்தில் வலது கை தானாகத் தலைக்குப் பின்னால் போய்விட்டது, அதுதான் வம்பு.

தலைக்குப் பின்னால் கை போனால், வந்து மோதியவள்மேல் ஃபவுல். இரண்டு கையும் இடுப்புக்குப் போனால், மறித்தவள்மேல் ஃபவுல். கூடைப்பந்தின் புது விதிப்படி, பந்தோடு வருகிறவள் எம்பக் காலை ஊன்றுவதற்குள் மறிப்பவள் அசையாமல் நின்றிருக்க வேண்டும். இப்போது மறித்தவளோ ஒரு இமைப்பொழுது பிந்திவிட்டாள். நடுவர் லோரன் ஹைசிங்கா பிடரியைச் சொறிவதுபோல் பாவனை செய்து, கைகளை இடுப்புக்கு இறக்கினார்.

"யோவ் லோரன், தலையா இடுப்பா? ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலை!" வெளியூர் அணியின் கோச் லிண்ட்கிரன் எகிறினார்.

"இடுப்பு! புது விதி!"

"ஓ... புது விதியா. ஆமாமா." லிண்ட்கிரன் உட்கார்ந்துவிட்டார்.

அயோவாவின் கல்லூரிப் பெண்கள் அணிகளுக்குச் சீசனைத் தொடங்கிவைக்கும் ஒரு வாரக் கோப்பைப் போட்டியில் அது முதல் ஆட்டம். பார்வையாளர் மேல்வரிசையில் பாப்கார்னும் கையுமாக உட்கார்ந்திருந்தவர் டில்மன், லீக்கின் நடுவர்களுக்கெல்லாம் தலைவர். ஞாயிற்றுக்கிழமை கோப்பை இறுதி ஆட்டத்துக்கு யார் நடுவர் என்பதை இன்று பார்த்துத்தான் சொல்லப்போகிறார். லோரனுக்கு இத்தனை வருடத்தில் ஒரு இறுதி ஆட்டம்கூட வாய்த்ததில்லை. அதற்காகவே கோடை முழுக்கச் சோள வயலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டே புது விதியை நெட்டுருப் போட்டிருந்தார் மனிதர்.

"லோரன், இப்படியா மாத்திட்டாங்க?" சக நடுவர் டெனிஸ் கிசுகிசுத்தாள்.

"நீ படிக்கலையா?"

"படிச்சேன், படிச்சேன். சும்மா கேட்டேன்."

குழப்பம் வேண்டாமென்று லோரன் இரண்டு கோச்சுகளையும் கூப்பிட்டு விதியை விளக்கினார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது. உள்ளூர் கோச் மார்ஜ் ஓடிப்போய்த் தன் ஆட்டக்காரிகளிடம், "எவ எதிர்ல வந்தாலும் சீக்கிரமா எம்பிடுங்கடி!" என்றாள். அவ்வளவுதான். கேலின் பிராண்ட் என்ற சுட்டிப் பெண் வெட்டுக்கிளி மாதிரி எதிரில் நிற்கிறவர்கள் மேலெல்லாம் பாய்ந்தாள். விசில், இடுப்பு, விசில், இடுப்பு!

"இது என்ன ஆட்டமா, உடற்பயிற்சி வகுப்பா?" என்று கூட்டம் கூச்சல் போட்டது.

சரி, கொஞ்சம் விட்டுப் பிடிப்போம் என்று லோரன் விசிலை அடக்கினார். கேட்பாரில்லை என்றதும் நாலு பேர் ஒருவர்மேல் ஒருவர் குவியலாகக் கிடந்தார்கள். யார் கால் முதலில் ஊன்றியது? ஆடுகளத்தின் ஓரத்திலிருந்த டிவி திரைக்கு ஓடிக் காட்சியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். நட்டநடுவில் அவருடைய முதுகுதான் தெரிந்தது. அவர் பார்த்து முடிப்பதற்குள் பேண்டு வாத்தியக்காரர்கள் தெரிந்த பாட்டையெல்லாம் வாசித்துத் தீர்த்துவிட்டார்கள். டில்மன் பாப்கார்னைக் கீழே வைத்தார்.

கடைசி விநாடிகள். இரு அணியும் சமம். அரங்கமே எழுந்து நின்று அலறியது. கேலின் எம்பினாள், டமால்! மறித்தவள் ஒரு இமைப்பொழுது பிந்திவிட்டாள். லோரனின் வலது கை தலைக்குக் கிளம்பியது. இடது கையால் அதைப் பிடித்து இழுத்து இடுப்பில் அறைந்தார்.

ஃபவுலுக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோவைக் கேலின் கூடைக்குள் போட்டாள். உள்ளூர் அணி ஜெயித்தது! லிண்ட்கிரன் கோட்டைக் கழற்றி விசிறியடித்தார்.

தொலைந்தேன் என்று லோரன் நின்றபோது டில்மன் படியிறங்கி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதம்யா! இத்தனை கூச்சல்லயும் புது விதியை ஒரு இம்மி விட்டுக்கொடுக்கலையே! எனக்கே இன்னைக்குத்தான் அது நல்லா விளங்குச்சு. ஞாயித்துக்கிழமை இறுதி ஆட்டம் உனக்குத்தான்!"

லோரனுக்குக் கண் கலங்கிவிட்டது. டெனிஸ் அவரைக் கட்டிக்கொண்டு குதித்தாள். முழங்காலில் ஐஸ் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு நொண்டி வந்த கேலினும் சிரித்தபடி நின்றாள்.

"ரொம்ப தேங்க்ஸ் சார்! அந்தப் புது விதி ஆம்பளைப் பசங்க ஆட்டத்துக்கு மட்டும்தான்னு எங்களுக்கு முதல்லயே தெரியும். விசிலெல்லாம் எங்களுக்கே சாதகமா விழறப்ப எதுக்குச் சொல்லணும்னுதான் பேசாம இருந்துட்டோம்!"