தொண்டிக்குக் குறுக்கு வழி

"புயல் கரையேறுற இடத்துல போய் நிக்கணும்ணே. தொண்டிக்கு விடுங்க" என்றான் ஹரீஷ்.

"இன்ஷா அல்லாஹ், பாப்பம்" என்றார் டாக்ஸி டிரைவர் சுல்தான்.

சுல்தானின் ஊரான செக்காலையில் அதற்கு 'முடியாது' என்று அர்த்தம். விருந்தாளி முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லும் வழக்கம் சுல்தான் வம்சத்திலேயே கிடையாது. சென்னையிலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டிக்கு அது எங்கே தெரியும்? பையோடு ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

வீட்டில் ஹாஜிராவுக்கு நிறை மாசம். "பொழுது சாயிறதுக்குள்ள வந்துருவீகல்ல?" என்று போனில் கேட்டாள். அவளுக்கும் அதே பதிலைச் சொல்லப்போய், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தொண்டிக்குப் போனால்தானே வம்பு? "குறுக்கு வழி" என்று சொல்லி, கடலுக்கு முதுகைக் காட்டி நெற்குப்பைப் பக்கம் வண்டியை விட்டார்.

நெற்குப்பை நெருங்கும்போது வானம் கறுத்தது. ஹரீஷ் போனைப் பார்த்துக் கத்தினான்.

"புயல் திரும்பிருச்சு! நேரா இங்கதான் வருது! எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

சுல்தான் வண்டியை மெதுவாக்கினார். சரி, பயமுறுத்தியாவது திருப்புவோம் என்று பார்த்தார்.

"இந்த ரோட்டுல புளியமரம் சாஞ்சா காரு அப்பளந்தான், பாத்துக்கிருங்க."

"அதுதாண்ணே வேணும்! பயந்தாத்தான் உசுரோட இருக்கோம்னே தெரியுது. பாரு கிருத்திகா, பாரு!"

"சூப்பருங்க" என்றாள் பின்சீட்டில் அவன் மனைவி, கண்ணை இறுக மூடிக்கொண்டு.

ரசிக்கிற ரசிப்பைப் பாரேன் என்று பொருமினார் சுல்தான். எனக்குத் தெரியவே வேணாம்யா, உசுரோட இருந்தாப் போதும்!

வண்டியை வந்த வழிக்கே திருப்பினார்.

"எங்கண்ணே?"

"இங்குட்டுப் போனா இன்னும் நல்லாத் தெரியும்."

கேடுகாலம், அதுவும் பலித்தது. அவர் வீட்டுக்குப் போகிற வழியில்தான் புயலும் வந்துகொண்டிருந்தது. காற்று காரை ஓரத்துக்குத் தள்ளியது. வைப்பர் பிய்த்துக்கொண்டு பறந்தது. அடுத்த வளைவில் 'மடார்' என்று பானெட்டுக்கு முன்னால் விழுந்தது ஒரு புளியமரம்.

சுல்தானுக்கு ஹாஜிரா முகம்தான் கண்ணுக்குள் வந்தது. வம்சத்து மரியாதை காற்றோடு போயிற்று.

"முடியாது! முடியவே முடியாது! எம்பொஞ்சாதிக்கு நிறை மாசம்யா. நான் வீட்டுக்குப் போகணும்!"

கிருத்திகா 'ஓ'வென்று அழுதாள்.

"நானும் போகணும்ணே! எனக்கு இடின்னாலே ஆகாது. இவருக்குப் புயல்னா உசுருன்னுதானே ஒவ்வொரு தடவையும் கூடவே வந்து சாகுறேன்!"

ஹரீஷ் வெளிறிப்போய்த் திரும்பினான்.

"எனக்கா உசுரு? அடிப்பாவி! பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, மழைன்னா ரொம்பப் பிடிக்கும்னு நீதானேடி சொன்னே?"