மரத்தைப் புகழ வந்தவர்கள்

"மின்விளக்கு மாலை வாங்கி வச்சிருக்கேன், அது பெட்டிக்குள்ளயே தூங்குது. மரத்துல நிஜ மெழுகுவத்தி! வீட்டையே கொளுத்தப் பார்க்கறீங்களா?"

கெர்லிண்டா போட்ட சத்தத்தைக் கேட்காதவர்போல் கணவர் ஓட்மார் கிறிஸ்துமஸ் மரத்தில் அடுத்த மெழுகுவத்தியைப் பற்றவைத்தார்.

"பக்கத்துல வாளியில தண்ணி வச்சிருக்கேனே. எங்கப்பா காலத்துலேருந்து இப்படித்தான்."

வாளியாம்! மரச்சுவர், மரத்தரை, மரக்கூரை, நடுவில் ஒரு வாளி. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எழுப்பிய வீடு. கெர்லிண்டா ஊர்த் தீயணைப்புப் படைத் தலைவர் கூனோவுக்குப் போன் போட்டாள்.

"உடனே வாங்க, அவசரம்! இந்த மனுஷனுக்கு நீங்க சொன்னாத்தான் மண்டையில ஏறும்."

கூனோ பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். ஆனால் ஸ்வேபியா என்ற அந்த வட்டாரத்தில், கிறிஸ்துமஸுக்கு வீடு நுழைகிறவர் முதலில் மரத்தைப் புகழ்ந்தாக வேண்டும். புகழ்ந்தவருக்கு வீட்டுக்காரர் பழச்சாராயம் ஊற்றியாக வேண்டும்.

"அடடா, என்ன அழகான மரம்!" என்றார் கூனோ.

"குடிங்க தலைவரே," என்றார் ஓட்மார்.

"தலைவரே, மெழுகுவத்தி!" என்று பல்லைக் கடித்தாள் கெர்லிண்டா.

"அதுவும் அழகாத்தாம்மா இருக்கு."

இவர் ஒருத்தர் போதாதென்று துணைத்தலைவரையும் கூப்பிட்டாள். அவரும் புகழ்ந்தார், குடித்தார். ஆத்திரத்தில் மொத்தப் படையையும் வரச் சொன்னாள். வந்தவர்கள் கிளையைப் புகழ ஒரு கோப்பை, உச்சி நட்சத்திரத்தைப் புகழ ஒரு கோப்பை என்று ஆரம்பித்துப் பாட்டுப் பாடுவதில் போய் நின்றார்கள்.

கையை வீசிப் பாடிய ஒருவர் இடித்ததில் மெழுகுவத்தி சாய்ந்தது. கிளை குப்பென்று பிடித்துக்கொண்டது. தீயணைப்புப் படை மொத்தமும் வாயைப் பிளந்து பார்க்க, கெர்லிண்டாதான் வாளியைத் தூக்கி ஊற்றினாள். கிளை அணைந்தது. கூனோ தொப்பலாக நனைந்தார்.

"இதுக்கா உங்களைக் கூப்பிட்டேன்? வெட்கமா இல்ல? இப்பவாவது வாயைத் திறந்து சொல்லுங்க!"

கூனோ மீசையைப் பிழிந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், "பொதுவா... நிஜ மெழுகுவத்தி கூடாதுதான்," என்று இழுத்தார்.

கெர்லிண்டா இடுப்பில் கைவைத்துக் கணவரை ஒரு பார்வை பார்த்தாள்.

அப்போது கதவு படாரென்று திறந்தது. முகமெல்லாம் கரியோடு கூனோவின் மனைவி ரோஸ்விதா நின்றாள்.

"எங்க வீட்டு மரத்துல மெழுகுவத்தி எரியறப்ப, காவலுக்கு உட்கார்ந்திருந்த மனுஷனை அவசரம்னு கூப்பிட்ட புண்ணியவதி யாரு?"