உன் டப்பாவுல மணி என்ன?

சென்னையிலேயே அதிக தடவை கையாட்டிய மனிதர் யார் என்று போட்டி வைத்தால், தேர்தலில் நிற்பவர்கள் எல்லாம் இரண்டாம் பரிசுக்குத்தான் அடித்துக்கொள்ள வேண்டும். முதல் பரிசு எங்கள் தி.நகர் ஆபீஸில் இருந்த ‘ஆட்டோமேட்டிக்’ சாருக்கு. அவருக்கு நிஜப் பெயர் ஒன்று இருந்தது. யாரும் கூப்பிட்டதில்லை.

மயிலாப்பூர்க்காரர். கையில் ஆட்டோமேட்டிக் வாட்ச். பேட்டரி கிடையாது, கை அசைந்தால் தானே சாவி ஏறும். நாற்காலி வேலையில் கை எங்கே அசைகிறது? அதனால் தெருவில் இறங்கினால் இடது கையை ஆட்டிக்கொண்டே போவார். லஸ் கார்னரில் நின்றாரானால் ஆட்டோக்கள் வரிசையாக வந்து நிற்கும்.

“ஏறு நைனா, எங்க போணும்?”

“நான் கூப்பிடலைப்பா. வாட்சுக்குச் சாவி குடுத்துண்டிருக்கேன்.”

“கைய ஆட்னா சாவியா? காலைலயே இன்னாத்துக்கு நைனா கலாய்க்கிற!”

என் கையில் இருந்ததோ குவார்ட்ஸ். அதைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

“அது வாட்சா? பேட்டரி டப்பா! கழட்டி டிராயர்ல போட்டாலும் அது பாட்டுக்கு ஓடிண்டிருக்கும். உன்மேல அதுக்கு என்ன அக்கறை? இது ரெண்டு நாள் நான் கட்டிக்கலைன்னா கோச்சுண்டு நின்னுடும், தெரியுமோ?”

நிற்பது இருக்கட்டும், ஓடும்போதே அது தினம் நாலு நிமிஷம் பின்தங்கும். அதைச் சரிசெய்ய என்னிடம்தான் வருவார். பத்து மணிக்கு என் மேஜை முன்னால் நின்று, “உன் டப்பாவுல மணி என்ன?” என்பார். மணியைச் சொல்லி, காபி ஆச்சா சார் என்றும் கேட்பேன். பதினெட்டு வருஷம் இப்படி! ஒருநாள் பொறுக்காமல், “போன்லயே மணி இருக்கே சார்” என்றேன்.

“போன் என்னைக் காபி ஆச்சான்னு கேக்குமா?”

ரிடையர் ஆனதும் மகள் மெல்போர்னுக்கு அழைத்துப்போய்விட்டாள். மூன்று வருஷமாகிறது. வாட்சில் இன்னும் சென்னை மணிதான். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டால், “மயிலாப்பூர்ல ரெண்டாவது காபியே ஆகலை” என்கிறாராம். மகள் தலையில் அடித்துக்கொள்கிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்கு போன் வரும். எடுத்ததுமே, “உன் டப்பாவுல மணி என்ன?”

இந்த வாரம் டப்பா செத்துப்போனது. பேட்டரி மாற்றியும் பிழைக்கவில்லை. பாண்டி பஜாரில் ஒரு கடைக்குப் போனேன்.

“குவார்ட்ஸா சார், ஆட்டோமேட்டிக்கா?”

ஆட்டோமேட்டிக்கைக் கட்டிக்கொண்டு வீடியோ காலில் காட்டினால் மனிதர் எப்படிக் குதிப்பார்! ஒன்றை எடுத்துக் கட்டிப் பார்த்தேன். கையை ரெண்டு ஆட்டு ஆட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், கடைக் கண்ணாடிக்கு வெளியே ஒரு ஆட்டோ வந்து நின்றது.

அப்புறம்தான் உறைத்தது. என்னுடையதும் நாலு நிமிஷம் பின்தங்கினால் அவர் யாரிடம் போய் மணி கேட்பார்?

கழற்றிக் கொடுத்துவிட்டு குவார்ட்ஸே வாங்கிக்கொண்டேன். இன்றைக்கு வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. காலையிலிருந்து நாலு தரம் மணி பார்த்துவிட்டேன்.