கல்யாண டிஸ்க்கின் கடைசி வரிசை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்ற பெயிண்ட் கடைக்காரன் எழுதுவது. முறைப்படி நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும். இந்தத் தடவை விஷயம் முந்திக்கொண்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்தது இதுதான்: விலை கூடிய டிவிடி பிளேயர் ஒன்றை வாங்கினேன். அதில் நம் பிள்ளைகளின் கல்யாண டிஸ்க்கைப் போட்டேன். கல்யாணத்துக்கு முந்தைய வருடமே காலமாகிவிட்ட உங்கள் மனைவி, மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கல்யாணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இங்கு நாங்கள் நலம். அங்கு உங்கள் நலமும், இதயத்தில் வைத்த ஸ்டென்டின் நலமும் அறிய ஆவல்.

போன வாரம் போனில் நீங்கள் கேட்டீர்கள்: “என் பழைய பிளேயர் போச்சு சம்பந்தி. சாதாரணமானதே வாங்கிக்கவா, இல்ல நீங்க வாங்கின மாதிரி பெரிசா வாங்கவா? கூடுதலாக் குடுக்கற காசுக்கு அதுல ஏதாவது இருக்கா?” ஏதாவது இருக்கா என்று நீங்கள் கேட்டதும், கடையில் ஆள் வந்து நிற்கிறார் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். ஆள் யாரும் வரவில்லை. பதிலை யோசித்து எழுதலாம் என்றுதான் வைத்தேன். யோசித்ததில் எனக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

என் தொழில் புத்தி உங்களுக்குத் தெரியும். தள்ளுவண்டியில் சுண்ணாம்பு விற்று மேலே வந்தவன். மலிவு டப்பாவையும் விலை கூடிய டப்பாவையும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் அடித்துக் காட்டாமல் யாரிடமும் நான் காசு வாங்கியதில்லை. அதே கண்ணோடுதான் அந்த எலக்ட்ரானிக்ஸ் கடைக்குள் நுழைந்தேன். விற்பனையாளர் வாயில் தேன் ஒழுகப் பேசினார். “சார், சாதாரண பிளேயர்ல கறுப்புன்னா வெறும் கறுப்பு. இதுல கறுப்புக்குள்ள இருக்கறதெல்லாம் தெரியும்.” கறுப்புக்குள்ள என்னய்யா இருக்கும் என்று கேட்டேன். “அது நீங்க போடற டிஸ்க்கைப் பொறுத்தது சார்” என்றார். பிடிக்கவில்லையென்றால் மாதக் கடைசிக்குள் திருப்பிக்கொடுக்கலாம் என்று பில்லின் பின்னால் எழுதி வாங்கிக்கொண்டுதான் பெட்டியைத் தூக்கினேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையை மூடிவிட்டு வந்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பழைய பிளேயரையும் புதியதையும் ஒரே டிவியில் மாட்டினேன். முதலில் பழையது. மேடையில் நம் பிள்ளைகள், சிவப்பெல்லாம் ஆரஞ்சாக. முன்வரிசையில் என் வழுக்கை, ஒரே பளபளப்பாக. பின்னால் கடைசி வரிசை இருக்கவேண்டிய இடத்தில் தார் பூசிய மாதிரி கறுப்பு. அடுத்து புதியது. சிவப்பு சிவப்பாக வந்தது, என் வழுக்கையில் மிச்சமிருக்கும் முடியைக்கூட எண்ணலாம் போல இருந்தது, சரி, காசு வீண் போகவில்லை என்று நினைத்த நேரத்தில் அந்தக் கறுப்பு மெல்லக் கரைந்து, முதலில் ஒரு நாற்காலியின் முதுகு தெரிந்தது, அப்புறம் ஒரு கை, அப்புறம் ஒரு மூக்குக்கண்ணாடி. அதன் ஒரு காது உடைந்து நூலால் கட்டியிருந்தது. புதுசு வாங்கித் தருகிறேன் என்று நீங்கள் வருடக்கணக்காகச் சொல்லியும், இதுவே போதும் என்று அவர் மாட்டிக்கொண்டிருந்த அதே கண்ணாடி.

என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, டிவியைப் பார்த்து, தலையைச் சரிசெய்துகொண்டு, “வாங்க சம்பந்தியம்மா” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “ஏங்க, வந்தவங்கள வாங்கன்னுகூடச் சொல்லாம ரிமோட்ட வெச்சிக்கிட்டு மரம் மாதிரி நிக்கறீங்க?” என்றாள். முப்பது வருஷமாக இவளோடு குடித்தனம் நடத்துகிறேன், இவளுக்கு எதற்குப் பயம் வரும் என்று இன்னும் எனக்குத் தெரியாது.

படத்தை நிறுத்திப் பார்ப்போம் என்று பொத்தானை அழுத்தினேன். அழுத்தியிருக்கக் கூடாது சம்பந்தி. மேடையில் மாப்பிள்ளை கையைத் தூக்கியபடி நின்றுவிட்டார். என் மகள் பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டாள். முன்வரிசையில் நான் கொட்டாவி விட்ட வாயோடு நின்றுவிட்டேன். மண்டபமே நின்றுவிட்டது. கடைசி வரிசையில் உங்கள் மனைவி மட்டும் கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டே இருந்தார். விசிறி முடித்ததும் பத்திரிகையை மடியில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் பக்கத்து நாற்காலியை நான் கவனித்தேன். காலியாக இருந்தது. அதன்மேல் கட்டம் போட்ட கைக்குட்டை ஒன்று விரித்து வைத்திருந்தது. உங்களுடையது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் நீங்கள் தாமதமாக வருவதும், அவர் உங்களிடம் வாங்கி வைத்த கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்துவைப்பதும் இரண்டு குடும்பத்துக்கும் தெரிந்த கதைதானே.

அன்று கல்யாணம் முழுக்க நீங்கள் வெளியே பஸ் டிரைவரோடு வண்டியை எங்கே நிறுத்துவது என்று மல்லுக்கு நின்றீர்கள். டிஸ்க்கில் ஒரு இடத்தில்கூட நீங்கள் இல்லை. சொந்த மகன் கல்யாணத்தைப் பார்க்காத ஒரே அப்பா நீங்களாகத்தான் இருப்பீர்கள். உங்கள் மனைவி வாசலைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், கடைசியில் நேராக என்னைப் பார்த்தார். முன்வரிசையில் கொட்டாவி விடும் என்னை இல்லை, டிவிக்கு வெளியே சோபாவில் உட்கார்ந்திருந்த என்னை. காலி நாற்காலியைக் கண்ணால் காட்டி, எங்கே என்பது போலப் புருவத்தைத் தூக்கினார். நான் என்ன செய்வேன், வாயில் வந்ததைச் சொன்னேன்: “வெளில வண்டி நிறுத்தறதுல ஒரு சின்னத் தகராறும்மா, இதோ வந்துருவாரு.” ஆயுசு முழுக்க இதே பதிலைக் கேட்டு அலுத்தவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி ஒரு பார்வை பார்த்தார். நான் டிவியின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

மறுநாள் பிளேயரையும் டிஸ்க்கையும் கடைக்கே கொண்டுபோனேன். இயந்திரக் கோளாறு என்று நிரூபித்துவிட்டால் நிம்மதியாகப் போய்விடலாமே. விற்பனையாளர் போட்டுப் பார்த்துவிட்டு, “பின்னாடி ஒரு அம்மா இருக்காங்க, ரொம்ப கோவமாப் பார்க்கறாங்க” என்றார். செத்துப்போனவங்க என்றேன். அவருக்குக் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். “டிஸ்க்ல இருக்கறதுக்கு கம்பெனி பொறுப்பில்ல சார்” என்றார். அதே மாடலில் இன்னொரு பிளேயரில் போட்டார், அதிலும் உங்கள் மனைவி இருந்தார். மலிவானவை எல்லாவற்றிலும் போட்டார், வெறும் கறுப்பு. “பாத்தீங்களா சார், அந்த விலை வித்தியாசம் இதுக்குத்தான்” என்றார். என் ஆயுசில் பேரம் பேசாமல் நான் வெளியே வந்த ஒரே கடை அது.

கல்யாணத்தைப் படம் பிடித்த வீடியோக்காரரையும் விடவில்லை. அவர் தன் கடையில் மாலை போட்ட வேறு யாரோ ஜோடியை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் யார் யாரை உட்கார வைத்தீர்கள் என்று கேட்டேன். “அங்க ஏது சார் வரிசை? மிச்ச நாற்காலிங்கள ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி வெச்சிருந்தாங்க. லைட் தூக்கிட்டுப் போறப்ப நானே அதுல முட்டிக்கிட்டு விழுந்தேன்” என்று முழங்காலைக் காட்டினார். அப்படியானால் இதைக் கொஞ்சம் பாருங்கள் என்று டிஸ்க்கை நீட்டினேன். மனுஷன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார். பட்டப்பகல், வாடிக்கையாளர் வரும் நேரம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். படம் துல்லியமாக இருக்கிறதா, இருக்கிறது. சத்தம் சுத்தமாக இருக்கிறதா, இருக்கிறது. வாங்கலாமா, வாங்கவே கூடாது. மலிவானதை வாங்குங்கள். அதில் கல்யாணம் தெரியும், மகன் தெரிவான், மருமகள் தெரிவாள், கறுப்பு கறுப்பாகவே இருக்கும். நான் மறைத்துப் பேசுகிற ஆள் இல்லை. சுவரில் ஓதம் இருந்தால் அதைச் சொல்லிவிட்டுத்தான் பெயிண்டை எடுத்துக் கொடுப்பேன். எனக்கு இருக்கிற பயம் ஒன்றே ஒன்று, அது அந்தக் காலி நாற்காலி. உங்களோடு நான் பஸ்ஸில் போயிருக்கிறேன். காலி இடம் கண்ணில் பட்டால் நீங்கள் நிற்க மாட்டீர்கள். அதுவும் அவர் பிடித்து வைத்த இடம். தனியாக அந்த வீட்டில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தால், ஸ்டென்ட் வைத்த இதயத்தோடு நீங்கள் எழுந்துபோய் அங்கே உட்கார்ந்துவிடுவீர்களோ என்றுதான் இதை எழுதுகிறேன். உங்களைப் போல இன்னொரு சம்பந்திக்கு நான் எங்கே போவேன்? என்னுடையதைப் பெட்டியில் கட்டிவிட்டேன், நாளைக்குத் திருப்பிக்கொடுக்கிறேன். அதோடு இந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்த தெருவில் இருக்கும் மாப்பிள்ளையும் மகளும் சுகம். பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள், எதைக் கண்டாலும் வாயில் வைக்கிறாள். என் வீட்டுக்காரி உங்களுக்குத் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னாள், இந்தக் கடிதத்துக்குத் தன் சம்மதம் இல்லை என்பதையும் சொல்லச் சொன்னாள். நீங்கள் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் எங்களோடு இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவேண்டிய நிலைமை வந்துவிட்டது. எழுதிய காகிதத்தைக் கிழித்துப்போடும் பழக்கம் எனக்கு இல்லாததால் அப்படியே அனுப்புகிறேன். கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் மகள் குழந்தையோடு வந்தாள். பயம் விட்டது என்று காட்டிக்கொள்வதற்காக நான் பழைய பிளேயரில், அந்த மலிவானதில், கல்யாண டிஸ்க்கைப் போட்டேன். வெறும் கறுப்பு, எனக்கு நிம்மதி. பேத்தி தவழ்ந்து போய் டிவியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேடையில் இருந்த அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. ஓரத்தில் இருந்த அந்தக் கறுப்பைப் பார்த்து, தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரோ கிச்சுகிச்சு மூட்டியதுபோலச் சிரித்தாள்.

மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். என் வீட்டுக்காரி சொன்னாள்: “இப்பவாவது தெரிஞ்சுதா? அவங்க ரெண்டுலயும்தான் இருக்காங்க. மலிவானதுல நமக்குத்தான் தெரியல. சம்பந்தி அங்க தனியா உக்காந்து, பக்கத்துல ஆள் இருக்கறதே தெரியாமப் பார்க்கணுமாக்கும்?” பெட்டியைப் பிரித்து விலை கூடியதை மறுபடி மாட்டினேன். உங்கள் மனைவி காத்துக்கொண்டிருந்தார். வியாபாரம் பேசுவதென்றால் முகத்தைப் பார்த்துப் பேசிவிடவேண்டும், அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தைரியம். “அம்மா, பிளேயரை அவருக்கு அனுப்பறேன். அவர் வந்து பார்க்கட்டும், பார்த்துட்டு எழுந்து வீட்டு வேலையைப் பார்க்கட்டும். இப்பவே வந்து உக்காருன்னு கூப்பிடறதா இருந்தா இந்தப் பெட்டி இங்கேருந்து நகராது” என்றேன். அவர் என் வீட்டுக்காரியைப் பார்த்தார். அவர்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, இவள் மட்டும் நடுநடுவே தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

முடிவானது இது. பிளேயர் உங்களுக்குக் கடைவிலையில் பாதி. சொந்தக்காரர் என்பதால் இல்லை, பழைய சரக்கு என்பதால். லாரி கூலி என்னுடையது. வாரம் ஒரு தடவை முழுக் கல்யாணத்தையும் பார்க்கவேண்டும், நடுவில் எழுந்து வாசலுக்குப் போகக்கூடாது. நாற்காலி பேத்தியின் கல்யாணம் முடிகிறவரை காலியாகவே இருக்கும். அதற்கு மேல் அவரிடம் தவணை கேட்டேன், தரவில்லை.