எண்ணெய் விட்ட பூட்டு

என் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் அறையின் வாசலில். சக்கரக் கட்டிலில் படுத்திருந்தாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். அதில் கோத்திருந்த சாவியை உருவி என் கையில் வைத்தாள்.

"இந்தாங்க, அலமாரிச் சாவி. உங்களுது இந்நேரம் தேஞ்சு போயிருக்கும்."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவளோ சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

நான் பூட்டு ரிப்பேர்க்காரன். யார் வீட்டுப் பூட்டு மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திமிரில் வாழ்ந்தவன்.

பல வருஷங்களுக்கு முன்பு, வருஷக் கடைசியில், என் கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்தது. வந்தது போகவில்லை. டாக்டர் பார்த்துவிட்டுச் சர்க்கரை என்றார். "இப்படியே போனா விரலை எடுக்க வேண்டியதுதான்" என்றார். துருப்பிடித்த ஆணியைப் பிடுங்குவதைப் பற்றித் தச்சர் பேசுவதுபோலப் பேசினார்.

புத்தாண்டு பிறந்தது. புத்தாண்டுத் தீர்மானம் என்பது மனிதன் சொல்லும் பொய்களிலேயே மரியாதையான பொய். மற்ற பொய்க்குத் திட்டுவார்கள். இதற்குக் கைகுலுக்குவார்கள். எதிர்வீட்டுக் கண்டக்டர் வருஷா வருஷம் சிகரெட்டை விடுவார். காலையில் விடுவார், சாயங்காலம் பிடிப்பார். விட்ட கதையைச் சொல்லிக்கொண்டே பிடிப்பார். எனக்கு அவரைக் கண்டாலே இளக்காரம். நான் என்ன அவரைப்போல ஏமாளியா? தொழில் தெரிந்தவன்.

அவரையே சாட்சிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். எனக்கு உயிரான கிரீம் பிஸ்கட் டப்பாவைச் சமையலறை அலமாரியில் வைத்துப் பூட்டுப் போட்டேன். சாவியை மனைவியிடம் நீட்டினேன்.

"இனிமே இது உன் பொறுப்பு. கால்ல விழுந்து கேட்டாலும் குடுக்காதே."

"கால்ல விழ உங்க தொப்பை விடணுமே" என்றாள்.

"அண்ணன்னா அண்ணன்தான்! என்ன வைராக்கியம்!" என்றார் கண்டக்டர். அவர் காதில் ஒரு சிகரெட் செருகியிருந்தது.

அந்தப் பூட்டுக்கு மாற்றுச் சாவியை முந்தின நாளே கடையில் அறுத்துச் சட்டைப் பையில் போட்டிருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்ல முடியுமா?

மத்தியானம் நான் சாப்பிட வரும் நேரம் பார்த்து அவள் துணி உலர்த்த மாடிக்குப் போவாள். என்ன அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்வேன். சாவியைப் போடுவேன். பூட்டு ஒரு சத்தம் போடாது. நான் போட்ட பூட்டல்லவா என்று பெருமைப்படுவேன். ஒரே ஒரு பிஸ்கட். ஒன்று குறைந்தால் தெரியாது, இரண்டு குறைந்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். இறங்கி வரும்போது படியிலேயே லொக்கு லொக்கென்று இருமுவாள். அதற்குள் பூட்டிவிட்டு, நல்ல பிள்ளையாகத் தட்டின்முன் உட்கார்ந்துவிடுவேன். பாவம், மாடியேறி இறங்கி இருமல் வந்துவிட்டதே என்று மருந்துகூட வாங்கிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டாள்.

டப்பா மட்டும் காலியாகவே இல்லை. விருந்தாளிக்கென்று வாங்கி நிரப்புகிறாள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக்கு விருந்தாளியே வருவதில்லை என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

புண் ஆறியது. விரல் பிழைத்தது. "உங்களைமாதிரி கட்டுப்பாடான ஆளை நான் பார்த்ததில்லை" என்றார் டாக்டர். நானும் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டேன்.

அடுத்த புத்தாண்டு வந்தது. கண்டக்டரும் வந்தார். நான் உபதேசத்தை ஆரம்பித்தேன்.

"மனசுக்குப் பூட்டுப் போடணும் தம்பி. அலமாரிப் பூட்டெல்லாம் சும்மா ஒரு அடையாளம். பாரு, இந்த வருஷம் இதைவிடக் கெட்டியாப் போடப்போறேன்."

கடையிலிருந்து கொண்டுவந்த பெரிய புதுப் பூட்டை எடுத்து நீட்டினேன். மனைவி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"வேணாங்க. பழசே இருக்கட்டும். பாவம், மறுபடியும் உக்காந்து சாவி அறுக்கணும் நீங்க."

கண்டக்டர் சிரித்த சிரிப்பில் காதிலிருந்த சிகரெட் கீழே விழுந்தது. பொறுக்கக்கூட இல்லை. தெருவுக்குச் சொல்ல ஓடினார்.

"எப்போ தெரியும்?" என்றேன்.

"முதல் நாளே. புதுச் சாவி போட்டா பூட்டு வாயில பித்தளைத் தூள் மின்னும்னு நீங்கதானே ஊருக்கெல்லாம் பெருமை அடிப்பீங்க?"

"தெரிஞ்சும் ஏன்டி சும்மா இருந்தே?"

"தினம் ஒண்ணு தின்னா தப்பில்லைன்னு டாக்டர் சொன்னார். நீங்க வெளியில செருப்பு மாட்டிக்கிட்டிருந்தப்போ கேட்டுக்கிட்டேன். நான் எடுத்துக் குடுத்தா ஒண்ணோட நிப்பீங்களா? இன்னொண்ணு, இன்னொண்ணும்பீங்க. திருடினாத்தான் நிப்பீங்க. பயந்தாங்கொள்ளித் திருடனாச்சே."

"அப்போ அந்த இருமல்?"

"எனக்கு என்ன இருமல்? நீங்க வாயைத் துடைச்சுக்க நேரம் வேணாமா?"

"பூட்டு மட்டும் என் கைவரிசை. ஒரு சத்தம் வந்ததா?"

"ஐயோ, முதல் நாள் அது கத்தின கத்து மாடி வரைக்கும் கேட்டுச்சு. சத்தம் கேட்டா நான் இறங்கி வந்து பிடிக்கணுமே! அதான் வாராவாரம் எண்ணெய் விட்டேன்."

இதற்குமேல் ஒரு மானஸ்தன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. நான் மறுநாள் மத்தியானம் அவள் மாடிக்குப் போகும்வரை காத்திருந்து ஒரு பிஸ்கட் திருடினேன். அவள் இருமிக்கொண்டே இறங்கி வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன நாள்வரை அப்படித்தான் நடந்தது.

அந்த அறையிலிருந்து அவள் உயிரோடு வரவில்லை.

கட்டைவிரல் காலில்தான் இருக்கிறது. இரண்டு சாவியும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. மத்தியானம் ஒன்று, அதற்குமேல் எடுப்பதில்லை. நான் பூட்டு ரிப்பேர்க்காரன். என் வீட்டுப் பூட்டு கிறீச்சிடுகிறது.